பலமாக அடித்தும் வெள்ளைப் பந்து ஏன் திரும்பி வருவதில்லை?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “இரண்டு ஆண்டுகளாக ஸ்னூக்கர் ஆடுகிறேன். தினமும் உடற்பயிற்சி செய்கிற உடம்பு. ஆனாலும் ஸ்க்ரூ (இன்னொரு பந்தை இடித்ததும் வெள்ளை பின்னால் வரும்படி அதன் கீழ்ப்பக்கத்தில் அடிப்பது) அடித்தால் வெள்ளைப் பந்து ஓரடிக்கு மேல் பின்னால் வருவதில்லை. என் எடையில் பாதிகூட இல்லாத ஒருவர், சும்மா தொட்டதுபோல் அடித்து அதை நான்கடி இழுத்துக்கொள்கிறார். கேட்டால் ‘எல்லாம் டைமிங்’ என்கிறார்கள். அது என்ன? பழகினால் வருமா? கனமான கியூ (ஆடும் கோல்) வாங்கினால் சரியாகுமா?”

பழகினால் வரும், தம்பி. உடம்பில் பலம் இருப்பது குற்றமில்லை. அதை எந்த இடத்தில் செலவழிக்கிறீர்கள் என்பதில்தான் சிக்கல். கியூ விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

‘எல்லாம் டைமிங்’ என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு அதை விளக்கத் தெரியாது. அருள்வாக்கு மாதிரிச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். நான் புதுச்சேரியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆடுகிறேன். சில ஆண்டுகளாகப் பையன்களுக்குச் சொல்லியும் தருகிறேன். எனக்கே இதை வார்த்தையில் பிடிக்க நெடுநாள் ஆனது. எனவே முதலில் கியூவின் நுனியில் இருக்கும் தோல் டிப்புக்கும் பந்துக்கும் நடுவில் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

டிப் பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதன் ஒன்றை உணர்ந்து கையை அசைக்க ஏறக்குறைய ஐந்தில் ஒரு நொடி ஆகும். ‘பட்டுவிட்டது, இப்போது அழுத்துவோம்’ என்று மூளை முடிவெடுப்பதற்குள், நடுத்தர வேக அடியிலேயே வெள்ளைப் பந்து இரண்டடி போயிருக்கும். போதாததற்கு, கியூ ஏறக்குறைய அரை கிலோ, பந்து அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கனமானது லேசானதை இடித்தால் லேசானது இடித்ததைவிட வேகமாகக் கிளம்பிவிடும். கியூ அதைத் துரத்திப் பிடிக்க முடியாது. ஆகவே, அடித்த பிறகு கியூவை நீட்டித் தள்ளினால் சுழற்சி கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது போய்விட்ட பஸ்ஸுக்குக் கை காட்டுகிற வேலை.

அப்படியானால் ஃபாலோ த்ரூ (அடித்த பிறகும் கியூ முன்னால் போவது) வேண்டும் என்று எல்லாப் பயிற்சியாளர்களும் ஏன் உயிரை எடுக்கிறார்கள்? பந்து இருந்த இடத்தைத் தாண்டியும் கியூ தடையின்றிப் போகிறது என்றால், பந்தைத் தொடுவதற்கு முன் அது பிரேக் பிடிக்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். அவர்கள் பார்ப்பது அந்தச் சாட்சியத்தைத்தான். கியூ பந்துக்கு அருகில் வரும்போதே ‘இங்கே நிறுத்த வேண்டும்’ என்று கை எண்ணிக்கொண்டிருந்தால், நிறுத்தும் வேலையை முன்கூட்டியே தொடங்கிவிடும். நாலு அங்குலம் தாண்டிப் போக வேண்டும் என்று எண்ணும் கை, பந்தைப் பொருட்படுத்தாமல் போகும்.

டைமிங் என்பதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: கியூவின் வேகம் உச்சத்துக்கு வருகிற கணத்தில் டிப் பந்தைத் தொட வேண்டும், தொடும்போது நீங்கள் குறித்த புள்ளியிலேயே தொட வேண்டும். உங்களைப் போன்ற பலசாலிகளுக்கு அந்த உச்சம் பந்துக்கு மூன்று நான்கு அங்குலம் முன்பே வந்து போய்விடுகிறது. மீதித் தூரத்தில் கை இறுகுகிறது, தோள் குறுக்கே வருகிறது, கியூ வேகம் குறைந்து பந்தில் போய் விழுகிறது. பார்ப்பவருக்குப் பயங்கரமான அடி. பந்துக்கு அது சுமாரான அடி.

எனக்கும் இதே நோய் இருந்தது. நான் பழகிய இடத்தில் ஒரு வயதான மார்க்கர் இருந்தார். ஸ்கோர் போடுவது, பந்தை எடுத்து வைப்பது, இரவில் துணிக்குப் பிரஷ் போடுவது எல்லாம் அவர்தான். முழுக்கைச் சட்டை, முருங்கைக்காய் பருமனில் மணிக்கட்டு. ஒருநாள் நான் கறுப்பை உடைத்துவிடுவதுபோல் அடித்துவிட்டு, வெள்ளை அங்கேயே குந்தியிருப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் எதுவும் சொல்லவில்லை. அப்போதுதான் கடைப் பையன் கொண்டுவந்து வைத்த தம் டீயை என்னிடம் நீட்டினார். விரல் நுனிகளால் கிளாஸின் விளிம்பைப் பிடித்து வாங்கினேன்.

“ஏன் முழுக் கையால் பிடிக்கவில்லை?”

“சுடுகிறது, ஐயா.”

“கீழே விழுந்துவிட்டதா?”

“இல்லை.”

“கியூவும் சுடுகிறது என்று நினைத்துக்கொள்.”

டீயைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் அன்று இரவு வரை அதையே செய்து பார்த்தேன். முதல் முப்பது அடியில் மூன்று முறை கியூ கையைவிட்டு நழுவியது. ஆனால் நடுவில் ஒரு அடி, ஒரே ஒரு அடி, ‘டக்’ என்று சின்ன ஒலி எழுப்பிப் போய், வெள்ளைப் பந்து யாரோ நூல் கட்டி இழுத்ததுபோல் பின்னால் வந்தது. அதிகம் அடித்ததாகவே எனக்குத் தோன்றவில்லை.

பிடியில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன், ஏனென்றால் முக்கால்வாசி விஷயம் இங்கேதான் இருக்கிறது. முழு முஷ்டியாக இறுக்கிப் பிடித்துக்கொண்டு கையைப் பின்னால் இழுத்துப் பாருங்கள். ஒரு கட்டத்தில் கியூவின் அடிப்பகுதி மேலே தூக்கிக்கொள்ளும். மேசைமேல் ஊன்றிக் கியூவைத் தாங்குகிற பிரிட்ஜ் கைக்கு முன்னால் டிப் தாழ்ந்துவிடும். முஷ்டி திறக்காததால் கியூவுக்கு மட்டமாக இருக்க வழியில்லை. கட்டைவிரலும் முதல் இரண்டு விரல்களும் கியூவைத் தாங்க, மோதிர விரலும் சுண்டு விரலும் பின்னிழுப்பில் தளர்ந்து திறந்தால், கியூ மேசைக்கு மட்டமாகவே பின்னால் போகும். முன்னால் வரும்போது அந்த இரண்டு விரல்களும் தாமாக மூடிக்கொண்டு வரும். பந்தைத் தாண்டிய பிறகு கை முழுதாக மூடியிருக்கும்.

தாமாக என்பதைக் கவனியுங்கள். ‘தொடும் கணத்தில் கையை இறுக்கு’ என்று சிலர் சொல்லித் தருகிறார்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியை யார் குறி பார்த்து இறுக்க முடியும்? இறுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனால் கை பயந்து முன்கூட்டியே இறுகும். இங்கே கடற்கரைப் பக்கம் பெரியவர்கள் இரும்புக் குண்டு வீசி பெத்தாங்க் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன ஆட்டம். குண்டை எந்தக் கணத்தில் விட வேண்டும் என்று அவர்கள் யாரும் யோசிப்பதில்லை. கை வீச்சு சரியாக இருந்தால் குண்டு தானே கையைவிட்டுப் போகிறது. அங்கே கை திறக்கிறது, இங்கே மூடுகிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

அடுத்தது பின்னிழுப்பு. முன்னால் போவதைப் பற்றியே எல்லோரும் கவலைப்படுகிறார்கள். ஆனால் அடி கெட்டுப்போகிற இடம் பெரும்பாலும் கியூ பின்னால் போய்த் திரும்புகிற முனை. ஊஞ்சலில் குழந்தையை ஆட்டும்போது, ஊஞ்சல் முழுதாகப் பின்னால் வந்து முடிவதற்கு முன்பே தள்ளினால் என்ன ஆகும்? உங்கள் மணிக்கட்டில் இடிக்கும், குழந்தை குலுங்கும், பாதிப் பலம் ஊஞ்சலை நிறுத்துவதிலேயே போய்விடும். கியூ இன்னும் பின்னால் போய்க்கொண்டிருக்கும்போதே முன்னால் அடிக்கத் தொடங்குபவருக்கும் அதே கதிதான். கியூவை வெடுக்கென்று பின்னால் இழுத்தால், அதை நிறுத்துவதற்கே தசை இறுக வேண்டியிருக்கிறது. இறுகிய தசையோடுதான் முன்னால் வருகிறீர்கள்.

ஆகவே மெதுவாக இழுங்கள். முழுதாகப் பின்னால் போனதும் ஒரு கணம் நிற்க விடுங்கள். ஸ்டீபன் ஹெண்ட்ரியின் பழைய ஆட்டங்களைப் பார்த்தால் அந்த நிறுத்தம் கண்ணுக்கே தெரியும். ஏழு உலகப் பட்டங்கள் வாங்கிய கை அது. பிற்காலத்தில் அதே ஹெண்ட்ரிக்குக் கியூவைத் தங்குதடையின்றிப் பந்துக்குள் செலுத்த முடியாமல் போனது. அதைப் பற்றி அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். கை மறந்துவிட்டது என்பதல்ல, மனம் கடைசிக் கணத்தில் குறுக்கே வந்துவிட்டது. அவருக்கே அப்படி என்றால், நமக்கு ஒரு வாரம் டைமிங் காணாமல் போவதில் வெட்கப்பட எதுவுமில்லை.

எல்லோரும் கியூவைப் பின்னால் நிறுத்தித்தான் அடிக்க வேண்டும் என்றும் இல்லை. ரானி ஓ’சல்லிவன் 1997 உலகச் சாம்பியன்ஷிப்பில் ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில், ஒரே மூச்சில் எடுக்கக்கூடிய அதிகபட்சப் புள்ளியான 147-ஐ எடுத்தார். 2005-இல் அதே போட்டியின் கால் இறுதியில் அவருக்கு எதிராக ஆடிய பீட்டர் எப்டன், வெறும் 12 புள்ளி எடுக்க அதற்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டு, கடைசியில் ஆட்டத்தையும் வென்றார். (ஓ’சல்லிவன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர்மேல் அனுதாபம்தான்.) ஒருவர் அடுத்த அடிக்கு எவ்வளவு விரைவாக வருகிறார் என்பது வேறு, வந்து குனிந்தபின் கியூ பின்னால் போய் முன்னால் வருகிற தாளம் வேறு. ஓ’சல்லிவன் விரைவாக நடப்பார், விரைவாகக் குனிவார், ஆனால் கியூவை ஒருபோதும் வெடுக்கென்று இழுப்பதில்லை. நம் ஊர்ப் பையன்கள் அவரது நடையை மட்டும் கற்றுக்கொண்டார்கள்.

முழங்கைக்கு வருகிறேன். குனிந்து, டிப் வெள்ளைப் பந்துக்கு அருகில் இருக்கும்போது, உங்கள் முழங்கைக்குக் கீழே கை நேராகத் தொங்க வேண்டும். பக்கத்திலிருந்து ஒரு நண்பரைப் படம் எடுக்கச் சொல்லிப் பாருங்கள். தொங்குகிற கை ஊசல் மாதிரி. கீழே நேராக வரும் இடத்தில்தான் அதன் வேகம் அதிகம். கியூவை மிகவும் முன்னால் தள்ளிப் பிடித்தால் அந்த இடத்தைக் கை தாண்டிய பிறகே டிப் பந்தைத் தொடும். வேகம் இறங்கத் தொடங்கியிருக்கும், கை மேலே ஏறத் தொடங்கியிருக்கும். அதைச் சமாளிக்க முழங்கையைக் கீழே போடுவோம். போட்டதும் கியூவின் பின்பகுதி தாழும், பிரிட்ஜ் கைமேல் கியூ தராசு மாதிரி சாய்ந்து டிப் மேலே எழும்.

அந்த எழுச்சி எவ்வளவு பெரிய சேதம் என்பதற்கு ஒரு கணக்கு. ஸ்னூக்கர் பந்தின் விட்டம் 52.5 மில்லிமீட்டர். மையத்திலிருந்து ஏறக்குறைய 13 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் டிப் வழுக்கிவிடும். ஆக, ஸ்டன் (வெள்ளை இடித்த இடத்திலேயே நிற்கும் அடி) முதல் மிக ஆழமான ஸ்க்ரூ வரை எல்லாமே அந்தப் 13 மில்லிமீட்டருக்குள்தான் நடக்க வேண்டும். நீங்கள் 10 மில்லிமீட்டர் கீழே குறி வைத்து, முழங்கை விழுந்து டிப் 6 மில்லிமீட்டர் ஏறிவிட்டால், அடித்தது 4-இல். பந்து பறக்கும், பின்சுழற்சி கொஞ்சமே இருக்கும். கூடுதல் பலம் போட்டால் இன்னும் வேகமாகப் பறக்கும். உங்கள் ஓரடிக் கணக்கு இங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பந்தயம் கட்டுவேன். அந்த ஒல்லி நண்பர் அடிப்பது 10-இல், அதுவும் உச்ச வேகத்தில்.

இதை உங்கள் கண்ணாலேயே சோதிக்கலாம். நம் பார்லர்களில் பெரும்பாலும் பூல் டேபிளும் இருக்கும். அதிலிருந்து பட்டை போட்ட பந்து ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். நன்றாகத் துடைத்து, பட்டை மேசைக்கு மட்டமாக இருக்கும்படி வைத்து, டிப்பில் சாக் பூசி, ஸ்க்ரூ அடியுங்கள். பந்தில் ஒரு நீலப் பொட்டு விழும். பட்டையின் நடுவிலிருந்து அது எவ்வளவு கீழே இருக்கிறது என்று பாருங்கள். பூல் பந்து கொஞ்சம் பெரியது, பரவாயில்லை. நான் இதைச் செய்யச் சொன்ன பத்துப் பேரில் எட்டுப் பேர் பொட்டைப் பார்த்துவிட்டு என்னோடு சண்டைக்கு வந்தார்கள். கீழே அடித்ததாக அவர்கள் சத்தியம் செய்தார்கள். பொட்டு பட்டையின் நடுவுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

இனி பயிற்சி. பந்துகளைக் கொட்டிவிட்டு ஃப்ரேம் ஃப்ரேமாக ஆடினால் டைமிங் வராது, பார்லர்காரருக்குத்தான் மணிக்கணக்கில் வாடகை வரும். முதல் கால் மணி நேரத்தைத் தனியாக ஒதுக்குங்கள்.

வெள்ளையைப் பழுப்புப் பந்தின் புள்ளியில் வைத்து, நீலம், இளஞ்சிவப்பு, கறுப்புப் புள்ளிகளுக்கு மேலாக நேரே அடித்து, எதிர்க் குஷனில் (மேசையின் ஓரத் திண்டில்) பட்டு உங்கள் டிப்புக்கே திரும்ப வர வையுங்கள். இது பழைய பயிற்சி, எல்லோரும் நேர்க்கோட்டுக்காகச் செய்வார்கள். நீங்கள் தூரத்துக்காகச் செய்யுங்கள். முதலில் எதிர்க் குஷனைத் தொட்டு நிற்கும் அளவுக்கு மட்டும், ஒன்பதடிக்குச் சற்று மேல். பிறகு திரும்பி நீலப் புள்ளி வரை. பிறகு புறப்பட்ட இடம் வரை. ஒரே ஒரு நிபந்தனை: வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ பின்னிழுப்பின் நீளத்தை மட்டும் மாற்ற வேண்டும், கையின் இறுக்கத்தை மாற்றக் கூடாது. குறைந்த வேகத்துக்குச் சின்ன இழுப்பு, கூடுதல் வேகத்துக்கு நீண்ட இழுப்பு. நீளமாக இழுத்துவிட்டு ‘ஐயோ, அதிகமாகிவிடும்’ என்று பாதி வழியில் பிரேக் போடுவதுதான் டைமிங்கைக் கொல்லும் பழக்கங்களில் முதன்மையானது.

இரண்டாவது, ஸ்டன். மூலைப் பாக்கெட்டுக்கு நேரே இரண்டடியில் ஒரு சிவப்பு, அதற்கு ஓரடி பின்னால் வெள்ளை. சிவப்பு விழ வேண்டும், வெள்ளை இடித்த இடத்திலேயே செத்து நிற்க வேண்டும். ஓர் அங்குலம் முன்னால் உருண்டாலும் கணக்கில் சேர்க்காதீர்கள். ஐந்து முறை தொடர்ந்து நின்றால் இடைவெளியை இரண்டடியாக்குங்கள், பிறகு மூன்றடி. ஸ்டன்னைவிட நேர்மையான ஆசிரியர் இந்த ஆட்டத்தில் இல்லை. இடிக்கும் கணத்தில் வெள்ளை முன்னாலும் சுழலாமல் பின்னாலும் சுழலாமல் வழுக்கிக்கொண்டு போனால் மட்டுமே நிற்கும். நீங்கள் எவ்வளவு உயரத்தில், எவ்வளவு வேகத்தில் தொட்டீர்கள் என்பதை அது அப்பட்டமாகச் சொல்லிவிடும்.

மூன்றாவதாக ஸ்க்ரூ. இங்கே பெரும்பாலோர் எவ்வளவு தூரம் இழுக்க முடியும் என்று போட்டி போடுவார்கள். நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள். அதே ஓரடி இடைவெளியில், வெள்ளை ஒரு சாண் மட்டும் பின்னால் வர வேண்டும். அதையும் எவ்வளவு மெதுவாக அடித்து வரவழைக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக. இரண்டு சாண் வந்தால் தோல்வி. பத்து நாளில் கைக்கு ஒன்று புரியும்: தாழ்வான இடத்தில், தளர்ந்த கையோடு தொட்டால், ஒரு சாணுக்கு வேண்டிய பலம் நீங்கள் இப்போது போடுவதில் பாதிகூட இல்லை. அதன்பின் நான்கடி என்பது பின்னிழுப்பைக் கொஞ்சம் நீட்டுகிற காரியம்.

கண்ணைப் பற்றி ஒரே வரி. கியூ பின்னால் நிற்கும் அந்தக் கணத்துக்குள் பார்வை குறிப் பந்துக்குப் போய்விட வேண்டும். முன்னால் வரும்போது கண் தாவினால் தலை அசையும்.

கடலோரத்தில் ஆடுகிற நமக்கு இன்னொரு தொல்லை உண்டு. ஸ்னூக்கர் 1875-இல் ஜபல்பூரில் பிறந்து, 1882-இல் ஊட்டியில் விதிகள் எழுதப்பட்ட ஆட்டம். ஊட்டிக் குளிரில் உட்கார்ந்து எழுதியவர்கள், ஐப்பசி மாதத்தில் கடலூரில் ஒருவன் உள்ளங்கை வியர்வையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு ஆடுவான் என்று நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். மழைக்காலத்தில் துணி ஈரத்தை உறிஞ்சிக் கனமாகிவிடும். பெரிய போட்டிகளில் மேசையின் கற்பலகைக்கு அடியில் ஹீட்டர் போட்டுத் துணியை உலர்வாக வைக்கிறார்கள். நம் இடங்களில் ஆள் வந்த பிறகுதான் ஏசியே போடுவார்கள். கனத்த துணியில் பின்சுழற்சி வழியிலேயே தேய்ந்துபோகும். நேற்று நான்கடி வந்தது இன்று இரண்டடி வரும். அப்போது மனம் ‘இன்னும் பலமாக’ என்று சொல்லும், கை இறுகும், இரண்டு வாரப் பயிற்சி ஒரு மாலையில் போய்விடும். அன்று துணி கொடுப்பது இரண்டடி என்றால் இரண்டடிக்கே திட்டம் போட்டு ஆடுங்கள். டேபிளுக்குப் போனதும் பழுப்புப் புள்ளிப் பயிற்சியை ஐந்து முறை செய்தால் அன்றைய துணியின் குணம் தெரிந்துவிடும்.

வியர்வைக்கு ஒரு சின்னத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஈரக் கையில் கியூ வழுக்கும் என்ற பயமே பாதி இறுக்கத்துக்குக் காரணம்.

கடைசியாக, கனமான கியூ. பெரும்பாலான கியூக்கள் 17 முதல் 19 அவுன்சுக்குள் இருக்கின்றன. ஓர் அவுன்சு கூட்டினால் பந்தின் வேகம் மிகக் கொஞ்சமே கூடும். உங்கள் கை அதே வேகத்தில் அதை வீசினால்தான் அதுவும். கனம் கூடினால் வீச்சு குறையும், கணக்கு அங்கேயே முடிந்துவிடும். அந்தப் பணத்தை எடுத்து வையுங்கள். முதலில் இப்போதைய கியூவின் டிப்பைப் பாருங்கள். தட்டையாகத் தேய்ந்து, ஓரம் காளான் குடை மாதிரிப் பிதுங்கியிருந்தால் ஸ்க்ரூ வராது, எந்த டைமிங்காலும் வராது. நல்ல தோல் டிப் ஒன்று போட்டு, உச்சியை மேடாகச் சீவி, சொரசொரப்பாக்கித் தரச் சொல்லுங்கள். பார்லரின் பொதுக் கியூவில் ஆடுகிறீர்கள் என்றால், தினமும் ஒரே கியூவைக் கேட்டு எடுங்கள். நான் நான்கு ஆண்டுகள் அடியில் சிவப்பு நூல் சுற்றிய ஒரு கியூவை மார்க்கரிடம் சொல்லி எடுத்து வைக்கச் செய்திருந்தேன். சொந்தக் கியூ இருந்தால் பைக்கோடு கட்டி வெயிலில் நிறுத்திவிட்டுச் சில்வர் பீச்சுக்குப் போகாதீர்கள். அது வில்லாக வளைந்துவிடும்.